காற்றுக்கு ஒரு வழி

சென்னைக்கு மேற்கே, பாடியிலிருந்து அம்பத்தூர் வழியாக ஆவடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் மதுரவாயலைக் கடந்து பூந்தமல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் உழைப்பாளர்களின் சாலைகள். 1949ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் மிதிவண்டிகளைச் செய்தது. பாடியில் 1960களில் வாகன உறுப்புகளைச் செய்யும் தொழிற்சாலைகள் எழுந்தன. 1964ஆம் ஆண்டு அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. அதே காலத்தில் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை டாங்கிகளைச் செய்யத் தொடங்கியது. பேருந்து நிற்குமிடத்திற்கும் இத்தொழிற்கூடங்களின் வாயிலுக்கும் இடையிலுள்ள தொலைவை இன்றுவரை பெரிதும் நிரப்புபவை ஆட்டோக்களும் இருசக்கர வண்டிகளுமே.

கத்திரி வெயில் காலத்தில் இச்சாலைகளின் ஓரத்தில், பின்பக்க மூடியைத் திறந்தபடி ஓர் ஆட்டோ நிற்பது அரிய காட்சியன்று. எஞ்சின் அளவுகடந்து சூடேறினால் பிஸ்டன் விரிந்து, தான் இயங்கும் உருளையையே இறுகப் பற்றிக்கொள்ளும். பட்டறைகளில் இதனை ‘ஜாம்’ என்பர். உருளையைக் கடைந்து, புதிய பிஸ்டன் பொருத்தி, வண்டி மீண்டும் ஓடுவதற்குச் சில நாள்கள் ஆகலாம். அந்நாள்களில் வருவாய் இல்லை. வாடகை வண்டியாயின் வாடகையும், கடனில் வாங்கிய வண்டியாயின் தவணையும் அதற்காகக் காத்திருப்பதில்லை. சிறிய எஞ்சினைக் குளிர்விப்பது எவ்வாறு என்னும் வினா, இவ்வகையில் ஒரு வீட்டின் அடுப்போடு தொடர்புடையது.

வெயிலின் பங்கு எவ்வளவு?

எஞ்சின் சூடேறியதற்கு வெயிலைக் காரணம் காட்டுவது எளிது. 2003ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சென்னையின் வெப்பநிலை 45 டிகிரி செல்சியசைத் தொட்டது. அத்தகைய ஊரில் வெயில்மீது பழி விழுவது இயல்பே. ஆயினும் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது.

சூடான பொருளிலிருந்து காற்றுக்குச் செல்லும் வெப்பத்தின் அளவு மூன்றைப் பொறுத்தது. பொருளுக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாடு ஒன்று; காற்றுப்படும் பரப்பு மற்றொன்று; காற்று அப்பரப்பின்மீது எவ்வாறு பாய்கிறது என்பது மூன்றாவது. நியூட்டனின் குளிர்தல் விதியின் சாரம் இது. ஓடும் எஞ்சினின் தலைப்பகுதி 180 டிகிரியில் இருப்பதாகக் கொள்க. காற்று 30 டிகிரியாக இருக்கும் நாளில் வேறுபாடு 150. காற்று 42 டிகிரியாக இருக்கும் நாளில் அது 138. பன்னிரண்டு டிகிரி வெயில் ஏறியும் குளிர்விப்பு குறைந்தது நூற்றுக்கு எட்டுப் பங்குதான். வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டாலும் இழப்பு பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும்.

காற்று நின்றுவிட்டால் நேர்வது இதனினும் பெரிது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இருசக்கர வண்டியின் எஞ்சின்மீது நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் காற்று மோதுகிறது. அதே வண்டி நெரிசலில் சிக்கி, எஞ்சின் ஓடியபடி நிற்கும்போது, சூடான காற்று தானாக மேலெழுவதால் உண்டாகும் மெல்லிய ஓட்டம் மட்டுமே எஞ்சும். அப்போது வெப்பம் வெளியேறும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கலாம். எனவே எஞ்சினை முதன்மையாக வாட்டுவது வெயில் அன்று. பாயாத காற்று, அல்லது பாய்ந்தும் உரிய இடத்தைச் சேராத காற்று.

செதில்களின் கணக்கு

உருளைக்குள் எரிபொருள் எரியும் கணத்தில் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரியையும் தாண்டும். தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். உருகாமல் காப்பது, எரிதல் நொடியின் மிகச் சிறிய கூறில் முடிந்துவிடுவதும் சுவர் இடைவிடாது வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டிருப்பதுமே. சிறிய பெட்ரோல் எஞ்சின் ஒன்று எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாற்றுகிறது. மிகுதியில் ஒரு பகுதி புகையோடு போகிறது. மற்றொரு பகுதி சுவர் வழியே வெளியேறியாக வேண்டும். 5 கிலோவாட் திறன் தரும் எஞ்சினின் சுவர் வழியே ஏறத்தாழ அதே அளவு வெப்பம் ஒவ்வொரு நொடியும் கடந்து செல்கிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஐந்தினை, இரு கைகளுக்குள் அடங்கும் ஓர் உலோகத் துண்டில் பொருத்தி வைத்ததற்கு அது ஒப்பு.

பெரிய எஞ்சின்களுக்குத் தண்ணீர் துணை நிற்கிறது. ஒரே கன அளவில் எடுத்துக்கொண்டால், தண்ணீர் காற்றைக் காட்டிலும் மூவாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தை ஏற்கும். ஆவடியில் டாங்கிகளுக்காகச் செய்யப்படும் எஞ்சின்கள் நீர்மத்தால் குளிர்பவையே. சிறிய எஞ்சினுக்கு நீர் கட்டாயமில்லாமற் போனதற்கு வடிவியல் ஒரு காரணம். ஒரு பொருளின் நீள அகல உயரங்களைப் பாதியாக்கினால் பரப்பு நான்கில் ஒன்றாகும். பருமனோ எட்டில் ஒன்றாகிவிடும். அதாவது, உருவம் சிறுக்கச் சிறுக்கப் பருமனுக்கு வாய்க்கும் பரப்பு கூடுகிறது. டபராவில் ஊற்றிய காப்பி, குவளையில் இருப்பதைவிட விரைவில் ஆறுவதும் பரப்பு கூடுவதனால்தான்.

அப்பரப்பை மேலும் பெருக்குபவை, ‘ஃபின்’ என்று பட்டறைகளில் வழங்கும் செதில்கள். வெளிவிட்டம் 7 சென்டிமீட்டரும் உயரம் 8 சென்டிமீட்டரும் உடைய ஓர் உருளையின் பக்கப் பரப்பு ஏறத்தாழ 176 சதுர சென்டிமீட்டர். அதனைச் சுற்றி 3 சென்டிமீட்டர் அகலத்தில் வளையமாக ஒரு செதிலை அமைத்தால், அதன் மேலும் கீழுமாகக் கிடைக்கும் பரப்பு ஏறத்தாழ 188 சதுர சென்டிமீட்டர். ஒரேயொரு செதில், வெற்றுருளை முழுவதையும் விடக் கூடுதலான பரப்பைத் தருகிறது! எட்டுச் செதில்கள் அமைந்தால் காற்றுப்படும் பரப்பு ஒன்பது மடங்கைத் தாண்டுகிறது.

அப்படியானால் செதில்களை இன்னும் நெருக்கமாக, இன்னும் நீளமாக அமைத்துவிடலாமே என்று தோன்றும். இரண்டுக்கும் எல்லை உண்டு. எந்தப் பரப்பின்மீது பாய்ந்தாலும் காற்றின் ஒரு மெல்லிய படலம் அப்பரப்பை ஒட்டியபடி மந்தமாகவே நகரும். செதில்கள் மிக நெருங்கினால் எதிரெதிர்ப் படலங்கள் ஒன்றையொன்று தொட்டு இடைவெளியை அடைத்துவிடும். பரப்பு இருக்கும், காற்று நுழையாது. நீளத்திற்கும் இதே கதிதான். செதிலின் அடியில் உள்ள வெப்பம் நுனியை அடைவதற்குள் குறைந்துவிடுவதால், ஓர் அளவுக்குமேல் நீளும் நுனி, எடையைக் கூட்டுமேயன்றிக் குளிர்ச்சியைக் கூட்டாது.

நுனிவரை வெப்பம் செல்லவேண்டுமாயின் உலோகம் நல்ல கடத்தியாக இருத்தல் வேண்டும். திருவொற்றியூரில் 1956 முதல் உருவாகிய என்ஃபீல்டு புல்லட் வண்டியின் உருளை நெடுங்காலம் வார்ப்பிரும்பாலேயே ஆனது. வார்ப்பிரும்பு தேய்மானத்தைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் அலுமினியக் கலவைகள் அதனைப்போல் இரு மடங்கு முதல் மூன்று மடங்குவரை வெப்பத்தைக் கடத்துகின்றன. எடையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. பிற்காலத்து புல்லட் எஞ்சின்கள் அலுமினிய உருளைக்கு மாறியதில் வியப்பில்லை. 1962ஆம் ஆண்டு பாடியில் நிறுவப்பட்ட சுந்தரம் கிளேட்டன் போன்ற ஆலைகள் அலுமினிய வார்ப்பில் பெற்ற தேர்ச்சி இத்தகைய மாற்றங்களுக்கு இந்நகரில் அடித்தளமாக அமைந்தது. வார்ப்படத்தின் நுட்பமும் செதிலின் வடிவத்தை ஆள்கிறது. உருகிய உலோகம் நுனிவரை நிறைய வேண்டும். இறுகியபின் அச்சிலிருந்து உடையாமல் விடுபடவும் வேண்டும். செதில்கள் அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருப்பது அழகுக்காக மட்டுமன்று.

மூடினால் குளிரும்

செதில்கள் சரியாக அமைந்தபின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. காற்று எப்போதும் தடை குறைந்த வழியையே தேடும். செதில்களுக்கு இடையிலுள்ள குறுகிய சந்தில் நுழைவதைவிட, அவற்றின் நுனிகளைத் தடவிக்கொண்டு வெளியே வழுக்கிச் செல்வது அதற்கு எளிது. மேலும், உருளையின் முகப்பில் மோதும் காற்று பக்கங்களைத் தாண்டியதும் பரப்பை விட்டு விலகிவிடுகிறது. முதுகுப்புறத்தில் மந்தமான சுழல்களே மிஞ்சுகின்றன. முகம் குளிர்ந்து முதுகு கொதிக்கும் உருளை, வட்டத்தன்மையை இழந்து சற்றே கோணும். பிஸ்டன் முதலில் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

இச்சிக்கலை முதலில் எதிர்கொண்டவர்கள் வானூர்திப் பொறியாளர்கள். பிரான்சின் செகுயின் சகோதரர்கள் உருவாக்கி, 1909 முதல் பறந்த ‘நோம்’ எஞ்சினில், காற்றை எஞ்சினிடம் கொண்டுவருவதற்குப் பதிலாக எஞ்சினையே காற்றில் சுழலவிட்டார்கள். உருளைகள் அனைத்தும் விசிறியோடு சேர்ந்து சுற்றின. குளிர்ச்சி கிடைத்தது, ஆனால் அவ்வளவு பெரிய சுழலும் பொருள் வானூர்தியைத் திருப்புவதையே கடினமாக்கியது. அம்முறை பத்தாண்டுகளுக்குமேல் தழைக்கவில்லை.

பின்னர் உருளைகள் அசையாமல் நின்றன. காற்றுப்பட வேண்டும் என்பதற்காக வெளியே நீட்டிக்கொண்டும் நின்றன. அவற்றை மூடினால் வெந்துவிடும் என்பதே பொதுவான அச்சம். அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் ஃபிரெட் வைக் தலைமையிலான குழு 1920களின் இறுதியில் இவ்வச்சத்தைச் சோதித்தது. எஞ்சினைச் சுற்றி வளைந்த உறையொன்றைப் பொருத்தி, உள்ளே வரும் காற்று செதில்களுக்கு நடுவே மட்டும் செல்லுமாறு தடுப்புத் தகடுகளால் வழிநடத்தினர். எஞ்சின் வேகவில்லை. காற்றின் எதிர்ப்பும் குறைந்தமையால், சோதனை விமானத்தின் உச்ச வேகம் மணிக்கு 190 கிலோமீட்டரிலிருந்து 220 கிலோமீட்டராக உயர்ந்தது. அப்பணிக்கு 1929ஆம் ஆண்டின் காலியர் விருது வழங்கப்பட்டது.

மூடியது எவ்வாறு குளிர்ந்தது என்பதை அறிய வயலைப் பார்த்தால் போதும். மடை திறந்த நீர் வரப்பில்லாத நிலத்தில் பள்ளம் நோக்கி ஓடி வீணாகும். வரப்பு கட்டிய வயலில் அதே நீர், அதனினும் குறைந்த நீர்கூட, ஒவ்வொரு பயிரின் வேரையும் தொட்டுச் செல்லும். உறையும் தடுப்புத் தகடுகளும் காற்றுக்குக் கட்டிய வரப்புகள்.

இவ்வறிவு ஆட்டோவை வந்தடைந்த பாதை சுவையானது. இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் போருக்கு முன்னும் போர்க்காலத்திலும் வானூர்திகள் செய்தது. அங்கு வானூர்திப் பொறியாளராக இருந்த கொர்ராதினோ தஸ்கானியோ 1946ஆம் ஆண்டு வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்தார். ஓட்டுநரின் உடையில் எண்ணெய் படாதவாறு எஞ்சினைப் பின்னே மறைத்தார். எதிர்க்காற்று படாத அவ்விடத்தில், சுழலும் ஃபிளைவீலிலேயே விசிறி இதழ்களை அமைத்து, உறை வழியே காற்றைச் செதில்களுக்குச் செலுத்தினார். 1948ஆம் ஆண்டு அதிலிருந்து ‘ஆப்பே’ என்னும் மூன்று சக்கர வண்டி பிறந்தது. பியாஜியோவின் தொழில்நுட்பத்தோடு 1960களில் பஜாஜ் நிறுவனம் இந்தியாவில் ஸ்கூட்டரும் ஆட்டோவும் செய்யத் தொடங்கியது. பயணிகளின் இருக்கைக்குக் கீழே, பின்புறத்தில், வெளிக்காற்றே எட்டாத அறைக்குள் ஆட்டோவின் எஞ்சின் ஓட முடிவது இந்த விசிறியாலும் உறையாலும்தான்.

அந்த எஞ்சினுக்கு எவ்வளவு காற்று தேவை? 5 கிலோவாட் வெப்பத்தை ஏற்றுக்கொள்ளும் காற்று 50 டிகிரி சூடேறலாம் என்று கொண்டால், நொடிக்கு 0.1 கிலோகிராம் காற்று, அதாவது ஏறத்தாழ 90 லிட்டர், செதில்களின் ஊடே சென்றாக வேண்டும். இரண்டு நொடிக்குள் ஒரு பெரிய தண்ணீர்ப் பீப்பாயின் கொள்ளளவு!

‘காற்று நன்றாகப் படட்டும்’ என்று உறையைக் கழற்றிவிட்டு ஓட்டுவது எத்தகைய தவறு என்பது இப்போது விளங்கும். விசிறி தள்ளும் காற்று நாற்புறமும் சிதறும். செதில்களுக்கு இடையே செல்வது சிறு பகுதியே. உறையில் ஒரு விரிசல், கழன்ற ஒரு திருகு, ஸ்பார்க் பிளக் அருகே தொலைந்துபோன ஒரு ரப்பர் மூடி ஆகியனவும் இதே கேட்டைச் சிறிய அளவில் செய்யும். மற்றொரு குறை கண்ணுக்கு எளிதில் புலப்படாது. செதில்களைத் தாண்டி வந்த சூடான காற்று வண்டியின் அடியிலேயே தேங்கி, விசிறியால் மீண்டும் உள்ளே இழுக்கப்படலாம். வெந்த காற்றைக்கொண்டு எஞ்சினைக் குளிர்விக்க இயலாது. வெளியேறும் வழியையும் உள்வரும் வழியையும் பிரிக்கும் தடுப்புகள் கிழிந்திருப்பின் அவற்றை மாற்றுவது, எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்ப்பதைவிடப் பன்மடங்கு மலிவு.

உலகெங்கும் கோடிக்கணக்கில் ஓடிய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரும் காற்றால் குளிர்ந்ததே. அதன் நான்கு உருளைகளில் மூன்றாம் எண்ணுடையது மட்டும் நெடுங்காலம் கூடுதலாகச் சூடேறி வந்தது. எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதி அவ்வுருளைக்குச் செல்லும் காற்றின் பாதையில் நின்றிருந்ததே காரணம். 1970களின் தொடக்கத்தில் அப்பகுதி பாதையிலிருந்து சற்றே விலக்கி வைக்கப்பட்டது. குறை பெரிதும் தணிந்தது.

ஓட்டுநரின் கையில் உள்ளது

விசிறி எஞ்சினோடு பிணைந்து சுழல்வதால் ஒரு விளைவு உண்டு. எஞ்சின் வேகமாகச் சுழன்றால் காற்றும் மிகும். மெதுவாகச் சுழன்றால் காற்றும் குறையும். நிறைந்த சுமையோடு பாடி மேம்பாலத்தில் ஏறும் ஆட்டோவை உயர் கியரிலேயே முக்கி முனகி ஏறவிட்டால், எஞ்சின் மெதுவாகச் சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் எரிபொருள் நிறைய எரிகிறது. வெப்பம் உச்சத்தில், காற்று தாழ்வில். அதே ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்தால் இரைச்சல் கூடும். ஆனால் விசிறி வேகம் பெறும், சுவர் குளிரும். இரைச்சலைக் கேட்டு எஞ்சின் துன்புறுவதாக எண்ணுவோர் உண்டு. உண்மையில் அது மூச்சு வாங்குகிறது.

செதில்களில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் சாலைப் புழுதி படிந்து இறுகினால், அப்படலம் எஞ்சினுக்குப் போர்வையாகிவிடும். மழைக்காலச் சேறு பூந்தமல்லிச் சாலையில் அடிக்கடி செய்யும் வேலை இது. மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு செதிலிடுக்குகளைத் துலக்குதலே இதற்கு மருந்து; அதையும் எஞ்சின் ஆறியபின் செய்தல் வேண்டும். கொதிக்கும் உருளைமீது தண்ணீரை ஊற்றினால் உலோகம் சீரற்றுச் சுருங்கி வெடிக்கவும் கூடும். சில வண்டிகளின் செதில்களுக்கு இடையே சிறு ரப்பர்த் துண்டுகள் செருகப்பட்டிருக்கும். அவை அழுக்கல்ல, மெல்லிய செதில்கள் மணிபோல் அதிர்ந்து ஒலிப்பதை அடக்குபவை. எஞ்சினுக்குக் கறுப்பு வண்ணம் பூசினால் வெப்பம் விரைந்து வெளியேறும் என்னும் நம்பிக்கையும் பரவலாக உள்ளது. கதிர்வீச்சால் இத்தகைய எஞ்சின் இழக்கும் வெப்பம் நூறு வாட் அளவே. ஐந்தாயிரம் வாட்டின் முன் அது பொருட்டன்று. தடிப்பான பூச்சோ வெப்பத்தை உள்ளேயே தடுக்கும்.

எரிபொருளிலும் கவனம் வேண்டும். பெட்ரோல் துளிகளாக நுழைந்து ஆவியாகும்போது உட்புறத்திலிருந்து சிறிது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வாயுவாகவே நுழையும் எரிவாயுவுக்கு அப்பண்பு இல்லை. எரிவாயுவுக்கு மாற்றப்பட்ட ஆட்டோவில் கலவை விகிதமும் தீப்பொறி எழும் நேரமும் சரியாக அமைந்தனவா என்று பார்ப்பது அதனால் இன்றியமையாததாகிறது.

காற்று மட்டும் போதாத இடத்தில் எண்ணெயும் துணைக்கு வருகிறது. 2016ஆம் ஆண்டு வெளிவந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டியின் எஞ்சினில் செதில்களோடு எண்ணெய் குளிர்விப்பானும் இடம்பெற்றது. செதில் எட்டாத உட்பகுதிகளின் வெப்பத்தை எண்ணெய் சுமந்து வந்து, முன்னே காற்றுப்படும் இடத்தில் விட்டுச் செல்கிறது. அங்கும் முடிவில் வெப்பத்தை ஏற்பது காற்றே.

இப்போது அம்பத்தூர்ச் சாலைகளில் மின் ஆட்டோக்களும் ஓடத் தொடங்கிவிட்டன. அவற்றில் எரிதல் இல்லை. வெளியேற்ற வேண்டிய வெப்பமும் பல மடங்கு குறைவு. ஆனால் கணக்கின் மற்றொரு பக்கம் மாறிவிட்டது. பெட்ரோல் எஞ்சின் 180 டிகிரியைத் தாங்கும். லித்தியம் மின்கலத் தொகுப்போ 60 டிகிரியைத் தாண்டலாகாது. காற்று 30 டிகிரியாக இருக்கையில் அதற்குக் கிடைக்கும் வேறுபாடு 30. கத்திரி வெயிலில் காற்று 42 டிகிரி ஆகும்போது அது 18ஆகச் சுருங்குகிறது. பழைய எஞ்சினிடமிருந்து நூற்றுக்கு எட்டுப் பங்கு குளிர்ச்சியை மட்டுமே பறித்த அதே வெயில், புதிய வண்டியிடமிருந்து நாற்பது பங்கைப் பறிக்கிறது. மின்கலப் பெட்டிக்குள் காற்றுக்கு எங்கே வழி அமைப்பது என்பதைப் பொறியாளர்கள் இப்போது மீண்டும் முதலிலிருந்து கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.